செட்டிநாட்டைச் சுற்றியுள்ள பழைய தேவாலயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாடு பார்க்க வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் பிள்ளையார்பட்டியையும் ஆத்தங்குடியையும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். தேவகோட்டையைத் தாண்டினால் இருக்கும் பழைய தேவாலயங்கள் பலருடைய பயணத் திட்டத்தில் வருவதே இல்லை. அவற்றைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவுதான், ஆனால் விடாமல் கேட்கிறார்கள். பங்கு இளைஞர்கள், விடுமுறைக்குச் சொந்த ஊர் வரும் குடும்பங்கள், கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் என்று பலரும் கேட்டவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இவை வெளியிலிருந்து வந்து இறங்கிய கட்டடங்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மண்ணும் இந்தச் சுண்ணாம்பும் இந்தச் சீமை அரசர்களின் மானியமும் சேர்ந்துதான் இவை எழுந்தன என்பதே என் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் ஒவ்வொரு பதிலையும் எழுதியிருக்கிறேன்.

செட்டிநாட்டில் பழைய தேவாலயம் எங்கே இருக்கிறது? எல்லாம் சிவன் கோயிலும் பிள்ளையார் கோயிலும்தானே?

நகரத்தார் ஊர்களுக்கு நடுவில் தேடினால் அதிகம் கிடைக்காது. அவை ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். தெற்கேயும் கிழக்கேயும் கொஞ்சம் நகர வேண்டும். தேவகோட்டை வட்டத்தில் சருகணி இருக்கிறது. மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில் வழியாகத் தொண்டிக்குப் போகும் சாலையிலேயே அந்த ஊர் வரும். திருவாடானைப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓரியூர். மேற்கே மானாமதுரைப் பக்கம் வைகையை ஒட்டி இடைக்காட்டூர். இந்த மூன்றும் இன்றைக்குச் சிவகங்கை மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்த மறைமாவட்டம் 1987-ல் மதுரையிலிருந்து பிரிந்து உருவானது. சிவகங்கை, இராமநாதபுரம் இரண்டு மாவட்டங்களும் அதற்குள் வரும்.

கண்டிப்பாகச் சொன்னால் மூன்றில் எதுவும் நகரத்தாரின் பழைய தொண்ணூற்றாறு ஊர்க் கணக்கில் சேராது. ஆனால் காரைக்குடிக்காரர்களும் தேவகோட்டைக்காரர்களும் நேர்ச்சைக்குப் போகிற இடங்கள் இவைதான். அதனால் சேர்த்துப் பேசுகிறேன்.

இங்கே முதன்முதலில் கட்டிய கோயில்கள் ஏன் ஒன்றுகூட மிஞ்சவில்லை?

அவை மண்சுவரும் ஓலைக்கூரையும் கொண்டவை. மதுரை மறைப்பணித்தளம் 1606-ல் இத்தாலிய இயேசு சபைச் சாமியார் ராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தபோது புது உருவம் எடுத்தது. அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல், சேதுபதி அரசர்கள் ஆண்ட மறவர் சீமையில் வேலை செய்த சாமியார்கள் ஊர் ஊராக நடந்தார்கள். அனுமதி கிடைத்த இடத்தில் பந்தல் போலக் கட்டிக்கொண்டார்கள். ஆட்சியாளரின் மனம் மாறினால் அதே கூரை தீக்கிரையாகும், மறுபடி வேறு இடத்தில் கட்டுவார்கள். நிலையான செங்கல் கட்டடம் வேண்டுமானால் அரசரின் ஆதரவும் நிலமும் வேண்டும். அது பிறகுதான் கிடைத்தது. ஆகவே 1600-களில் கட்டிய கோயில் என்று யாராவது இன்றைய சுவரைக் காட்டினால், அந்த ஊரில் கிறிஸ்தவர்கள் அவ்வளவு பழமையானவர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். சுவரின் வயது வேறு.

ஓரியூரில் என்ன நடந்தது?

அங்கே கொல்லப்பட்ட ஜான் தே பிரித்தோ 1647-ல் லிஸ்பன் நகரில் பிறந்தவர். அரண்மனையோடு நெருக்கமான குடும்பம். இயேசு சபையில் சேர்ந்து, 1673-ல் கப்பலேறி, மறு ஆண்டு மதுரைப் பணித்தளத்துக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, பண்டாரச் சாமியாக வாழ்ந்தார். அருளானந்தர் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுக் கடுமையாக வதைக்கப்பட்டார். அப்போது சேதுபதி அவரை நேரில் பார்த்து, இனி இந்தச் சீமையில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். நடுவில் ஐரோப்பா போய்விட்டு 1690-ல் திரும்பி வந்தவர், மறுபடி மறவர் சீமைக்கே வந்தார்.

அப்போது சேதுபதியாக இருந்தவர் ரகுநாத கிழவன் சேதுபதி. 1671 முதல் 1710 வரை ஆண்டவர், இராமநாதபுரத்தைத் தலைநகராக்கியவர். அவர் காலத்தில் சிறுவல்லியைச் சேர்ந்த தடியத்தேவர் என்பவர் நோய் நீங்கியதும் ஞானஸ்நானம் கேட்டார். பல மனைவியர் உள்ளவருக்கு அது கொடுக்க முடியாது என்று சாமியார் சொன்னார். அவர் முதல் மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் நடந்தது. விலக்கப்பட்டவர்களில் இளையவரான கடலாயி சேதுபதிக்கு நெருங்கிய உறவு. அவர் அழுதுகொண்டு அரண்மனைக்குப் போன பிறகு நடந்தவை வேகமானவை. சில நாளில் கைது, இராமநாதபுரத்தில் விசாரணை, பிறகு சேதுபதியின் சகோதரர் பொறுப்பில் இருந்த ஓரியூருக்கு அனுப்பப்பட்டது. பிப்ரவரி 3-ஆம் தேதி சிறையிலிருந்து கடைசிக் கடிதம் எழுதினார். 4-ஆம் தேதி பாம்பாற்றுக் கரை மேட்டில் தலை வெட்டப்பட்டது.

இதை வெறும் மதச் சண்டையாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. தடியத்தேவர் சேதுபதிப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடக்கூடிய வழியில் வந்தவர். அப்படிப்பட்டவர் ஒரு சாமியார் பின்னால் திரண்ட கூட்டத்தோடு சேர்வது எந்த அரசருக்கும் அச்சம் தரும். குடும்ப மானமும் அரசுரிமைக் கவலையும் ஒன்றாக வந்து விழுந்த இடம் அது. கடலாயியையும் நான் குறைசொல்ல மாட்டேன். அவருடைய வாழ்க்கையைப் பற்றி அவரைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவெடுத்தார்கள்.

1853-ல் ரோமையில் அருளாளர் பட்டமும், 1947-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் கையால் புனிதர் பட்டமும் கொடுக்கப்பட்டன. தேவகோட்டையில் பிள்ளைகள் படிக்கிற தே பிரித்தோ பள்ளியின் பெயர் இவருடையதுதான்.

ஓரியூர் மண் சிவப்பாக இருப்பது உண்மையா?

உண்மை, அவர் வெட்டுண்ட இடத்து மணல் சிவந்திருக்கிறது. புனிதரின் இரத்தம் பட்டதால் சிவந்தது என்பது நம்பிக்கை. வருகிறவர்கள் ஒரு பிடி எடுத்துப்போய் வீட்டில் வைக்கிறார்கள், நோய்க்குப் பூசுகிறார்கள். முந்நூறு ஆண்டுக்கு மேல் மக்கள் சுமந்து போன மண் அது.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் ஓரியூருக்குப் போகிறார்களே, ஏன்?

பிள்ளை வரம், வெள்ளாமை, வழக்கு, நோய் என்று எதற்கும் அங்கே நேர்ந்துகொள்வது சுற்று வட்டாரத்தில் வழக்கம். கிடா வெட்டிச் சமைத்து உறவோடு சாப்பிடுவார்கள், மொட்டை போடுவார்கள், முதல் விளைச்சலைக் கொண்டுவந்து வைப்பார்கள். வெட்டுப்பட்டு இறந்த வீரனைக் கும்பிடுவது மறவர் சீமைக்குப் பழக்கமான முறை. வேட்டைக்காரச் சாமிக்கும் கருப்பனுக்கும் படைத்துவந்த மக்கள் அருளானந்தரையும் தங்கள் காவல் தெய்வங்களின் வரிசையில் வைத்துப் பார்த்தார்கள். திருச்சபை புனிதர் பட்டம் தருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண் அவரைத் தன் ஆளாக்கிக்கொண்டது. பிப்ரவரித் திருவிழாவில் போய்ப் பார்த்தால் இதை விளக்க வேண்டியதே இல்லை.

சருகணித் தேரை மருதுபாண்டியர் கொடுத்தார்கள் என்பது கதையா, வரலாறா?

வரலாறு. சருகணிக் கோயில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் இயேசு சபையார் நிறுவியது. சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்கள் அந்தக் கோயிலுக்குத் தேர் செய்து கொடுத்தார்கள். கோயில் செலவுக்கு மருதவயல் ஊரை மானியமாக விட்டார்கள். காளையார்கோவில் பெரிய கோபுரத்தை எழுப்பிய அதே கைகள்தான் சருகணிக்குத் தேரும் கொடுத்தன. குன்றக்குடி முருகன் கோயிலுக்கும் அவர்கள் செய்த திருப்பணி ஊரறிந்தது.

இதை மத நல்லிணக்க மேடைகளில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தேர் என்பது சாமி ஊர்வலத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. எந்த ஊர்க் கோயிலுக்குத் தேர் உண்டோ, அந்தக் கோயிலுக்கு அரசரின் மதிப்பு உண்டு. வடம் பிடிப்பது யார், முதல் மரியாதை யாருக்கு, தேர் எந்தத் தெரு வழியாகப் போகும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் பெரிய உரிமைகள். சருகணிக் கிறிஸ்தவர்களுக்குத் தேர் கொடுத்ததன் மூலம், நீங்களும் இந்தச் சீமையின் குடிகள்தான் என்று அரசு வெளிப்படையாகச் சொன்னது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் கும்பினிப் படை தூக்கிலிட்டது. தேரோட்டம் நிற்கவில்லை. ஈஸ்டரை ஒட்டிச் சருகணிக்குப் போனால் பார்க்கலாம்.

சருகணியில் எப்போதும் பூமாலையோடு இருக்கும் கல்லறை யாருடையது?

லூயி லெவே சாமியாருடையது. 1884-ல் பிரான்சில் பிறந்து, இளம் வயதில் இங்கே வந்து, இந்த வறண்ட சீமையின் ஊர்களிலேயே உழைத்து, 1973-ல் சருகணியில் மறைந்தார். அவருக்குப் புனிதர் பட்டம் கேட்டுத் திருச்சபையில் முறையான பணி நடக்கிறது. ஊர் மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

சில ஊர்களில் கத்தோலிக்கருக்கே இரண்டு பழைய கோயில்கள் அருகருகே இருக்கின்றனவே, அது ஏன்?

பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுத் தகராறு. போர்ச்சுக்கல் அரசு 1759-ல் தன் எல்லைகளில் இயேசு சபையை ஒடுக்கியது. 1773-ல் ரோமையே சபையைக் கலைத்தது. பணித்தளம் ஏறக்குறைய அநாதையானது. கோவாவிலிருந்து வந்த சாமியார்கள் முடிந்த அளவு பார்த்துக்கொண்டார்கள். 1814-ல் சபை மறுபடி உயிர்பெற்று, 1838-ல் பிரெஞ்சு இயேசு சபையார் மதுரைப் பணித்தளத்துக்கு வந்தபோது பிரச்சினை ஆரம்பித்தது. பதுரவாதோ என்ற போர்ச்சுக்கல் மன்னரின் பழைய உரிமைப்படி கோயில் எங்களுடையது என்றார்கள் கோவா சாமியார்கள். ரோமை எங்களை அனுப்பியது என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள். சாவி யாரிடம், உண்டியல் யாரிடம் என்று ஊரே இரண்டாகி, வழக்கு மன்றம் வரை போனார்கள். தோற்றவர்கள் பக்கத்திலேயே வேறு கோயில் கட்டினார்கள். 1886-ல் ரோமைக்கும் போர்ச்சுக்கலுக்கும் உடன்பாடு ஏற்பட்ட பிறகு இது மெல்ல அடங்கியது.

உங்கள் ஊரில் இரண்டு கோயில் இருந்தால் பெரியவர்களிடம் கோவாக் கட்சி பற்றிக் கேட்டுப்பாருங்கள். சில வீடுகளில் இன்னும் நினைவு இருக்கிறது.

இடைக்காட்டூர் கோயில் பிரான்சில் உள்ள ரீம்ஸ் பேராலயத்தின் நகலா?

அச்சு அசலான நகல் என்று பலரும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் இரண்டு கட்டடங்களுக்குமே நியாயம் செய்வதில்லை. ரீம்ஸ் பேராலயம் 1211-ல் தொடங்கிப் பல தலைமுறையாகக் கட்டப்பட்டது. பிரெஞ்சு அரசர்கள் முடிசூடிய இடம். 1429-ல் ஜோன் ஆஃப் ஆர்க் பக்கத்தில் நிற்க ஏழாம் சார்லஸ் முடிசூடியதும் அங்கேதான். சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கி எழுப்பிய மலை அது. இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் கோயில் 1894-ல் ஃபெர்டினாண்ட் செல் என்ற பிரெஞ்சு இயேசு சபைச் சாமியார் கட்டியது. கிராமத்துக் கோயில், அளவில் மிகச் சிறியது. அவர் ரீம்ஸ் கோயிலை மனத்தில் வைத்துக் கட்டினார் என்பது சரி. கூர்மையாக முடியும் வளைவுகள், மேலே இழுத்துப்போகும் ஊசிக் கோபுரங்கள், உள்ளே தூண்களிலிருந்து விரிந்து கூரையில் சேரும் விலா வளைவுகள் எல்லாம் இடைக்கால ஐரோப்பாவின் காத்திக் கட்டட மரபைச் சேர்ந்தவை.

அந்தக் கூர்வளைவு அழகுக்காக வந்ததல்ல. அரைவட்ட வளைவு சுமையைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். அதைத் தாங்கச் சுவர் தடிமனாக வேண்டும். வளைவை மேலே கூராக்கினால் சுமை நேராகக் கீழே இறங்கும். சுவரை மெலிதாக்கலாம், பெரிய சன்னல் திறக்கலாம், உயரம் கூட்டலாம். குளிர்நாட்டில் வெளிச்சத்துக்காகக் கண்ட வழி இது. நம் வெயிலில் அவ்வளவு வெளிச்சம் தேவையில்லை, ஆனால் அந்த உயரம் உதவுகிறது. சூடான காற்று மேலே ஏறிவிடும், கீழே உட்காருகிறவர்களுக்கு இதமாக இருக்கும். செட்டிநாட்டு வீட்டு முகப்பும் வளவும் உயர்ந்து நிற்பதற்கும் இதுவே ஒரு காரணம்.

இடைக்காட்டூர் கோயிலுக்கு இருபது வயதானபோது, 1914 செப்டம்பரில், ஜெர்மன் பீரங்கிகள் ரீம்ஸ் பேராலயத்தைத் தாக்கின. மரக்கூரை முழுவதும் எரிந்தது. இன்று அங்கே பார்க்கும் மேற்கூரைச் சட்டம் பிறகு கான்கிரீட்டில் செய்தது. 1938-ல்தான் பேராலயம் மறுபடி முழுமையாகத் திறக்கப்பட்டது. வைகைக் கரையில் அதைப் பார்த்துக் கட்டிய சின்னக் கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அச்சுச் செங்கல் என்று சொல்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

இந்தக் கட்டடத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே அதுதான். பிரான்சில் வளைவும் விலாவும் பூவேலையும் வேண்டுமென்றால் கல்தச்சர் மென்மையான சுண்ணாம்புக்கல்லைச் செதுக்குவார். நம் பக்கத்தில் அந்தக் கல் கிடையாது. இருப்பது செம்புறாங்கல், இல்லையென்றால் கருங்கல். செம்புறாங்கல் பொத்தல் பொத்தலாக இருக்கும், நுணுக்கம் நிற்காது. கருங்கல்லில் அத்தனையும் செதுக்கினால் காலமும் பணமும் தாங்காது. அதனால் வேலை கல்தச்சரிடமிருந்து குயவரிடம் வந்தது. சுட்ட பிறகு செதுக்குவதை விட்டுவிட்டு, சுடுவதற்கு முன்பே மண்ணுக்கு உருவம் கொடுத்தார்கள். தூணின் ஒவ்வொரு வளைவுக்கும், சன்னல் ஓரத்தின் ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனி அச்சு. நூற்றுக்கும் மேற்பட்ட வகை அச்சுகளில் செங்கல்லும் ஓடும் வார்த்து இந்தக் கோயிலைக் கட்டினார்கள்.

இதில் இருக்கும் சிரமத்தைச் சூளை வேலை தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஈர மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அச்சையே பெரிதாகச் செய்ய வேண்டும். சூளையில் எங்கே அடுக்கினோம் என்பதைப் பொறுத்து வேக்காடு மாறும். கொஞ்சம் கோணினாலும் அந்தச் செங்கல் வளைவில் சேராது. பக்கத்து மானாமதுரை மண்பாண்டத்துக்குப் பேர்போன ஊர், அங்கே செய்யும் கடத்துக்கு ஈடு இல்லை என்று வித்வான்கள் சொல்வார்கள். 2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வைகை வண்டலின் குணம் தெரிந்த கைகள் சுற்றிலும் இருந்த இடத்தில் இப்படி ஒரு கட்டடம் எழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அப்படியானால் இதைக் கட்டியவர் பிரெஞ்சுக்காரரா, நம் ஆட்களா?

மனத்தில் கண்டவர் செல் சாமியார். பணத்தில் ஒரு பகுதி பிரான்சிலிருந்து வந்தது. நோய் தீர்ந்த பிரெஞ்சுப் பெண் ஒருவர் திருஇருதய ஆண்டவருக்கு நன்றியாக அனுப்பிய காணிக்கை அது என்று கோயிலில் சொல்வார்கள். மண்ணைப் பிசைந்து, சாரம் கட்டி, கொத்துக்கரண்டி பிடித்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கானாடுகாத்தான் வீடுகளைக் கட்டியவர்களுக்கும் அதே கதிதான். கல்லில் பெயர் இல்லாவிட்டாலும் கோயில் வரலாற்றுப் பலகைகளிலாவது கொத்தனார், குயவர், தச்சர் என்று ஒரு வரி சேர்க்கலாமே.

உள்ளே உள்ள சொரூபங்கள் எப்படி இங்கே வந்தன?

பிரான்சிலிருந்து கப்பலில். மதுரை வரை ரயில் 1870-களிலேயே வந்துவிட்டது. மானாமதுரை வழியாக மண்டபம் போகும் பாதை 1902-ல்தான் திறந்தது. ஆகவே 1894-ல் மதுரைக்குக் கிழக்கே மாட்டுவண்டிப் பாதைதான் வழி. உடையக்கூடிய ஆளுயரச் சொரூபங்களை வைக்கோலில் பொதிந்து அப்படிக் கொண்டுவந்து நிறுத்துவதென்றால் அதுவே ஒரு சாதனை.

இடைக்காட்டூரில் சித்தர் கோயிலும் இருக்கிறதாமே?

ஆமாம், இடைக்காடர் ஊர் அது. பன்னிரண்டு ஆண்டுப் பஞ்சம் வரும் என்று முன்பே தெரிந்த இடைக்காடர், குறுவரகை மண்ணில் குழைத்துச் சுவர் வைத்தாராம், ஆட்டுக்கு எருக்கிலை தின்னப் பழக்கினாராம். பஞ்சத்தில் ஊரே வாடியபோது ஆடு உடம்பைச் சுவரில் தேய்த்ததும் வரகு உதிர்ந்தது, அதைப் பாலில் சமைத்துச் சாப்பிட்டார். வேடிக்கை பார்க்க வந்த நவகிரகங்களுக்கும் அதையே கொடுத்துத் தூங்கவைத்து, அவற்றை மழை பெய்யும் நிலைக்கு மாற்றி வைத்தார் என்பது கதை. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வாருங்கள். பங்குனி வாக்கில் போனால், தவக்காலத்தில் அந்த ஊரில் நடக்கும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகமும் கிடைக்கும்.

சுண்ணாம்பில் முட்டையும் கருப்பட்டியும் கலந்தார்கள் என்பது உண்மையா?

செட்டிநாட்டுப் பூச்சில் உண்மை. ஆனால் எல்லா அடுக்கிலும் அல்ல. உள் அடுக்குகளுக்குச் சுண்ணாம்பும் மணலும் அரைத்த கலவை, அதில் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டி அல்லது வெல்லக் கரைசலும் சேரும். சர்க்கரைச் சத்து இருந்தால் சுண்ணாம்பு நீரில் கூடுதலாகக் கரையும், கலவை நன்றாகப் பிடிக்கும். முட்டை வெள்ளைக்கரு மேல் அடுக்குக்கு. சலித்த சுண்ணாம்போடு அதைச் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். தொட்டால் சில்லென்று பளிங்கு போல இருக்கும்.

சேர்க்கும் பொருளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், முக்கியமானது சுண்ணாம்பின் வேலைதான். காளவாயில் சுட்ட சுண்ணாம்புக்கல்லோ சிப்பியோ நீறும்போது கொதிக்கும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வெண்ணெய் போல ஆன பின் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து இழுத்து மறுபடி கல்லாகும். அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் ஆகும். சின்ன விரிசல்களைத் தானே மூடிக்கொள்ளும் குணமும் இதனால்தான்.

எங்கள் பங்குக் கோயில் சுவரில் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார்கள். சரிதானா?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பக்கத்தின் பழைய கோயில்களில் சேதம் தொடங்குவதே பெரும்பாலும் நல்ல எண்ணத்தோடு செய்யும் இந்த வேலையில்தான்.

பழைய சுவருக்கு அடியில் ஈரம் தடுக்கும் அடுக்கு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரம் செங்கல் வழியே மேலேறும், உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் உண்டு. மழை விட்டதும் ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், அல்லது உள்பக்கம் போகும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லையே பொடியாக்கும். வெளியே பார்க்கச் சுவர் கெட்டியாக இருக்கும். தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும். சில மழைக்காலம் கழித்துச் சிமெண்ட் பாளமாக விழும்போது பழைய செங்கல் முகமும் சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் அடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும்.

என்ன செய்யலாம்? முதலில் கூரையைப் பாருங்கள். ஓடு நகர்ந்திருக்கும், மட்டப்பாத் தளத்தில் ஆலோ அரசோ முளைத்திருக்கும், மழைநீர்க் குழாய் உடைந்து சுவரோரம் ஊற்றிக்கொண்டிருக்கும். அதைச் சரிசெய்யாமல் பூச்சில் செலவு செய்வது வீண். அடுத்து சுவரைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் வாட்டம் கொடுங்கள். கோயிலை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தரை இருந்தால் சுவரோரம் கொஞ்சம் வெட்டி எடுங்கள், மண் மூச்சு விடட்டும். உதிர்ந்த இடத்தில் பழைய சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, கோடை முழுக்கச் சுவரைக் காயவிட்டு, பிறகு சுண்ணாம்புக் கலவை பூசுங்கள். பூசிய பின் வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பல நாள் பதப்படுத்த வேண்டும். மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் போதும், நிறம் வேண்டுமென்றால் அதில் காவி கலக்கலாம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்கமாட்டார் என்பார்கள். காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றத் தொடங்கிய பிறகு அந்தக் கைகளுக்கு மறுபடி வேலை வந்திருக்கிறது. திருவிழாவுக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள், அது மட்டும்தான் அவர்கள் கேட்பது.

எங்கள் ஊர்க் கோயில் எப்போது கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டடமே பாதி சொல்லும். கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் திருப்பிப் பாருங்கள், தொழிற்சாலைப் பெயர் பதிந்திருக்கும். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை 1865-ல்தான் ஆரம்பித்தது. ஆகவே அந்தக் கூரை அதற்குப் பிந்தியது. இரும்பு உத்திரம் இருந்தால் பக்கவாட்டில் உற்பத்தியாளர் பெயரைத் தேடுங்கள். டாடா என்றிருந்தால் 1912-க்குப் பிந்தியது, சீமைக் கம்பெனி என்றால் முந்தியதாக இருக்க வாய்ப்பு உண்டு. மூலக்கட்டுமானத்திலேயே சிமெண்ட் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இந்தியாவில் சிமெண்ட் உற்பத்தி நிலைபெற்றது 1914-ல் போர்பந்தரில் தொடங்கிய பிறகுதான். ஒரு பகுதியின் வயதை முழுக் கட்டடத்துக்கும் ஏற்றிவிடக் கூடாது. பீடம் ஒரு காலத்தது, முகப்பு இன்னொரு காலத்தது, கூரை மூன்றாவது முறை மாற்றியது என்று இருப்பதுதான் வழக்கம்.

மணியை மறக்காதீர்கள். பழைய வெண்கல மணிகளில் வார்த்த ஊரும் ஆண்டும் இருக்கும். கல்லறைக் கற்கள், வாசல்படிக் கற்கள், கொடிமரப் பீடம் எல்லாவற்றையும் சாய்வெயிலில் பாருங்கள். உச்சி வெயிலில் தெரியாத எழுத்து மாலையில் தெரியும்.

அப்புறம் காகிதம். பங்கின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் எந்த ஆண்டில் தொடங்குகின்றன என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். இயேசு சபையார் நடத்திய ஊராக இருந்தால் கொடைக்கானல் செண்பகனூரில் உள்ள அவர்களுடைய ஆவணக் காப்பகம்தான் பெரிய பொக்கிஷம், கடிதங்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் லத்தீனிலும் இருக்கும். நில விவகாரம், அரசு அனுமதி போன்றவற்றுக்குச் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஊரில் யார் வீட்டிலாவது செப்புப் பட்டயமோ பழைய தானப் பத்திரமோ இருந்தால் வாங்கி வைக்க முயலாதீர்கள், படம் எடுத்து விவரம் எழுதிக்கொண்டு அவர்களிடமே விட்டுவிடுங்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களின் பேச்சை இப்போதே பதிவு செய்யுங்கள். காகிதம் காத்திருக்கும்.

மூன்று கோயிலையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

சருகணியும் ஓரியூரும் தேவகோட்டை வழியாக ஒரு நாளில் நிதானமாகப் பார்க்கலாம். இடைக்காட்டூர் எதிர்த்திசை, அதை மதுரை போகிற அன்று வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக மூன்றையும் பார்ப்பதைவிட ஒன்றில் முழு மதியம் உட்காருவது நல்லது. பூசை நேரத்தில் படம் எடுக்க வேண்டாம். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறோம், வெளியூர் விருந்தாளிகளுக்கும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் கோயிலில் பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் புது டைல்ஸ் போடத் தீர்மானித்துவிட்டார்கள். இனி என்ன செய்ய முடியும்?

வேலை தொடங்கும் முன் பழைய தரையை மூலைக்கு மூலை படம் எடுங்கள், அளவு குறித்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் என்றால் அதே வடிவத்தை ஆத்தங்குடியில் இன்றும் வார்த்துத் தருவார்கள். உடைந்த இடத்தை மட்டும் மாற்றினால் செலவு எவ்வளவு என்று விசாரித்து அந்தக் கணக்கைப் பங்குப் பேரவையில் வையுங்கள், பல நேரம் அந்தக் கணக்கே முடிவை மாற்றிவிடும். மாற்றியே தீருவோம் என்றால், பெயர்க்கும்போது உடையாத கற்களை எடுத்துக் கோயில் சாமான் அறையில் அடுக்கி, எந்த இடத்துக் கல் என்று எழுதி வையுங்கள். கல்லறைக் கல் ஏதாவது தரையில் இருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்ட விடாதீர்கள், எழுத்தைப் படியெடுத்துச் சுவரோரமாவது நிறுத்தச் சொல்லுங்கள்.